நாற்பத்தாறு கோலி

கிதிர் முகம்மது ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். வடகரையில் அவரைத் தெரிந்தவர்கள் இதை ஏதோ வியாதியைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் சொல்வார்கள். ஒரு சமயம் குற்றாலத்தில் அவர் வேலை பார்த்த வெள்ளைக்காரத் துரை பங்களாவின் மேஜைக் கடிகாரம் நின்றுபோயிற்று. தென்காசியில் காட்டினார்; இரண்டு கடையிலும் கையை விரித்துவிட்டார்கள். வேறொருவராக இருந்தால் திரும்பி வந்து, துரையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, சோற்றைத் தின்று படுத்திருப்பார். இவர் கடிகாரத்தைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடையம் வரைக்கும் போனார். மூன்றாம் நாள்தான் திரும்பினார். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கிதிரின் மனைவியும் வடகரைக்குப் போயிருந்ததால், இரண்டு நாளாகத் தானே சமைத்துச் சாப்பிட்ட துரைக்குத்தான் வயிறு ஓடிக்கொண்டிருந்தது.

தறிகாரர் வீட்டுப் பிள்ளை. தறிக்குழியில் கால் நிற்கவில்லை. செங்கோட்டைக்கு மேலே மலையில் பார்லோ துரையின் தேயிலைத் தோட்டத்துக்குப் போய், அடுப்படியில் ஆரம்பித்து, பட்லர் ஆனார். சூப்பு, புட்டிங், மீனுக்குத் தனிக் கத்தி எல்லாம் கற்றுக்கொண்டார். ஒயினையும் கற்றுக்கொண்டார், ஒரு சொட்டு நாக்கில் படாமலே. எந்தப் பாட்டிலைப் படுக்க வைக்க வேண்டும், எதை முதல் நாளே நிமிர்த்தி வைக்க வேண்டும், மண்டி கலங்காமல் மெழுகுவத்தி வெளிச்சத்தில் எப்படிச் சாய்க்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பாட்டிலைத் தொடுவதற்கென்று ஒரு சட்டையும் ஒரு வேட்டியும் தனியாக வைத்திருந்தார். தொட்ட அன்றைக்கு ஐந்தருவி ஓடையில் முங்கி எழுந்து, வேறு துணி உடுத்திய பிறகுதான் தொழுகை. சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் இதை வைத்துக் கிண்டல் செய்வார்கள். “சாராயக் கேஸுக்குக் காவல் நிக்க போலீஸ்காரன்லாம் குடிகாரனா, வே?” என்று திருப்பிக் கேட்பார். கேட்டுவிட்டுப் பிரியாணியில் கவனமாகிவிடுவார்.

துரைக்கு வயதாகித் தோட்டத்தை விற்றுவிட்டு, ஐந்தருவிப் பாதையில் ஒரு பங்களா எடுத்துக்கொண்டு இறங்கியபோது கிதிரும் மனைவி ஹைருன் பீவியும் கூடவே இறங்கினார்கள். ஆள் அம்பு எல்லாம் போய் அவர்கள் இருவரும்தான் மிச்சம். துரைசாணி என்றைக்கோ போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் எலன் பினாங்கில் இருந்தாள். அவளுக்கும் அப்பாவுக்கும் ஏழு வருஷமாகப் பேச்சில்லை.

அந்தக் கதை பெரிய கதையொன்றும் இல்லை. எலன் நாசரேத்துக்காரர் ஒருவரை, ஜேசுதாசன் என்ற டாக்டரை, கட்டிக்கொள்வேன் என்றாள். துரை முடியாது என்றார். டாக்டர் நேரில் கேட்க வந்தபோது அவரை வாசல் படியிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பினார். அன்று மழை. உள்ளே வரச்சொல்லி ஒரு துண்டு கொடுக்கக்கூட விடவில்லையே என்று கிதிருக்கு அந்த வருத்தம் போகவே இல்லை. கல்யாணம் பாளையங்கோட்டை சர்ச்சில் நடந்தது. துரை போகவில்லை. அதன்பின் மருமகனைப் பற்றிப் பேச நேர்ந்தால் ‘அந்தக் கம்பவுண்டர்’ என்பார். பெயரைச் சொன்னதே கிடையாது.

அந்தக் கல்யாணத்துக்கென்று ஒரு பாட்டில் இருந்தது. எலன் பிறந்த வருஷத்துப் போர்ட் என்னும் இனிப்பு ஒயின். பிள்ளை பிறந்த வருஷத்து ஒயினை வாங்கிப் படுக்க வைத்து, அதன் கல்யாணத்தன்று திறந்து அப்பா முதல் கிளாஸ் குடிப்பது அவர்கள் குடும்ப வழக்கம். கல்யாணத்தன்று அது திறக்கப்படவில்லை. உடைத்துக் கொட்டவும் துரைக்கு மனசு வரவில்லை. மலையிலிருந்து இறங்கும்போது கிதிர் அதை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தையைக் கொண்டுவருவதுபோலக் கொண்டுவந்தார். அங்கும் இருட்டில் படுத்திருந்தது, இங்கும் இருட்டில் படுத்திருந்தது.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆனி மாதம், சாரல் நன்றாகப் பிடித்திருந்த நேரம். துரைக்கு நெஞ்சில் நீர் கோத்து, எழுந்து நடக்க முடியாமல் ஆயிற்று. ஒரு சனிக்கிழமை கிதிரைக் கூப்பிட்டு அந்தப் பாட்டிலை நிமிர்த்தி வைக்கச் சொன்னார். ஞாயிறு மதியம் திறக்கச் சொன்னார். கிதிர் கார்க்கை எடுத்து, மெழுகுவத்திக்கு முன்னால் பிடித்து, ஒரு கிளாஸ் சாய்த்தார். கறுப்பும் சிவப்புமாய் இறங்கியது. நெய்யில் போட்ட கிஸ்மிஸ் மாதிரி ஒரு மணம் அறை முழுக்கப் பரவியது.

துரை கிளாஸை உயர்த்தினார். “எலனுக்கும் ஜேசுதாசனுக்கும்” என்றார்.

கிதிருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏழு வருஷத்தில் வராத பெயர்.

கிளாஸைக் கால் மணி நேரம் வைத்துக் குடித்து முடித்தார் துரை. பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: “மீதி அவங்களுக்கு, கிதிர். ரெண்டு பேரும் குடிக்கணும். கெட்டுப்போகக் கூடாது. புளிச்சுப்போனதைக் குடிச்சா, அப்பன் புளிச்ச தண்ணிதான் வச்சிட்டுப் போனான்னு நெனப்பா. உன் பொறுப்பு.”

“என் பொறுப்புய்யா” என்றார் கிதிர். மறுநாள் பொழுது விடிய துரை கண்ணை மூடிவிட்டார்.

துரை சொல்லிவிட்டாரே ஒழிய, அது லேசுப்பட்ட காரியம் இல்லை என்று கிதிருக்குத்தான் தெரியும். பழைய போர்ட் ஒயின் மூடியிருக்கும்வரைக்கும் முப்பது வருஷம், நாற்பது வருஷம் இருக்கும். ஒருமுறை திறந்துவிட்டால் நாலு நாள், மிஞ்சினால் ஐந்து நாள். குறைந்துபோன இடத்தில் காற்று உட்கார்ந்துகொண்டு தின்ன ஆரம்பித்துவிடும். பினாங்கிலிருந்து கப்பல் வந்து, மெட்ராஸில் இறங்கி, ரயில் பிடித்துத் தென்காசி வர எப்படியும் மூன்று வாரம். ஒரு கிளாஸ் குறைந்த பாட்டிலை வைத்துக்கொண்டு மூன்று வாரம்!

சின்னப் பாட்டிலில் கழுத்துவரை நிறைத்து மூடிவிடுவதுதான் துரைமார் செய்யும் முறை. ஆனால் அது மதுவிலக்குக் காலம். துரை குடித்தது பெர்மிட்டில். எந்தப் பாட்டில், என்ன லேபிள், எவ்வளவு மிச்சம் என்று புத்தகத்தில் இருந்தது. லேபிள் இல்லாத பாட்டிலுக்கு மாற்றினால் அது அந்தக் கணமே கள்ளச்சரக்கு. மாற்றக் கூடாது, காற்றும் இருக்கக் கூடாது. ஹைருன் பீவி ஊறுகாய் ஜாடிபோல மேலே நல்லெண்ணெய் ஊற்றச் சொன்னாள். “மகராசி, அதைக் குடிச்சா எலனம்மா நம்ம ரெண்டு பேரையும் தேடி வந்து அடிப்பா” என்றார் கிதிர்.

ஆனால் அவள் சொன்னதுதான் வழி திறந்தது. மேலே மிதக்கிற ஒன்று ஆகாது. உள்ளே மூழ்குகிற ஒன்று வேண்டும், மணமும் ருசியும் இல்லாததாக. கண்ணாடியாக இருந்தால்?

துரையைப் பெட்டியில் வைக்கத் தச்சன் பலகை அறுத்துக்கொண்டிருந்தான். தென்காசியிலிருந்து பாதிரியார் வந்துகொண்டிருந்தார். கிதிர் தபாலாபீசில் பினாங்குக்குத் தந்தி கொடுத்துவிட்டு, நேரே அய்யாக்குட்டியின் சோடாக் கடைக்குப் போனார். கையில் ஒரு காலி ஒயின் பாட்டில்.

“அய்யாக்குட்டி, உடைஞ்ச பாட்டில்ல எடுத்த கோலி எத்தனை கெடக்கு?”

அய்யாக்குட்டி வாயைப் பிளந்தான். “தொர தவறிட்டாருன்னு இப்பந்தான் சொல்லிட்டுப் போறாவ. நீரு கோலி கேட்டு வந்து நிக்கீரு?”

“ஆமா. சின்னதாப் பாத்து எடு.”

“எழவு வீட்டுல யாருவே கோலி வெளையாடப் போறா?”

கிதிர் ஒவ்வொரு கோலியாகக் காலி பாட்டிலின் கழுத்தில் விட்டுப் பார்த்தார். சிக்கியதைத் தள்ளினார், இறங்கியதை எடுத்துக்கொண்டார். அறுபது சேர்ந்தது. பாய்க்குத் துக்கத்தில் மூளை குழம்பிவிட்டது என்ற செய்தி அவர் வீடு திரும்புவதற்குள் ஐந்தருவிக் கடைகள் முழுக்கப் பரவியிருந்தது.

கோலிகளைச் சோடா உப்புப் போட்டு வேகவைத்து, வெந்நீரில் மூன்று தடவை அலசி, வெள்ளைத் துணியில் ஒற்றியெடுத்தார். மேலிருந்து போட்டால் பாட்டிலின் அடி போய்விடும். பாட்டிலைச் சாய்த்துப் பிடித்து, ஒவ்வொன்றாக உருட்டிவிட்டார். உள்ளே ஒரு கோலி போய்ச் சேர்ந்ததும் அடுத்தது. ஒயின் மயிரிழை மயிரிழையாக ஏறியது. நாற்பத்தாறாவது கோலிக்குக் கழுத்தை எட்டியது. கார்க்கை அழுத்தினார். நடுவில் காற்றுக்கு இடமே இல்லை. அதன் பிறகுதான் போய்த் துரையின் காலடியில் உட்கார்ந்து அழுதார்.

புதன்கிழமை ஏட்டு ஆவுடையப்பன் சைக்கிளில் வந்தார். மாதாமாதம் பெர்மிட் புத்தகம் பார்க்க வருகிறவர்தான். நல்ல மனுஷர். ஆனால் எழுத்தில் இருப்பதற்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஓர் அங்குலம் நகரமாட்டார்.

“துக்கம்தான், பாய். ஆனா பெர்மிட் தொரையோட போச்சு. வீட்டுல உள்ள சரக்கை ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும்.”

“எலனம்மா கப்பல் ஏறிட்டாவன்னு தந்தி வந்துட்டு, ஏட்டையா. அவிய வந்து வாங்கிக்கிடட்டும்.”

“அதுவரைக்கும் ஸ்டேஷன்ல இருக்கட்டுமே.”

ஸ்டேஷனில் பிடித்த சரக்கு வைக்கும் அறைக்குத் தகரக் கூரை. மூன்று நாளில் வெந்துவிடும். கிதிர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். “என்னையும் சேத்துக் கொண்டுபோறதா இருந்தா கொண்டுபோங்க. பாட்டில் மட்டும் தனியா வராது.”

ஏட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். அடிக்க வரும் ஆளாகத் தெரியவில்லை. நகரும் ஆளாகவும் தெரியவில்லை. சரி, பாட்டிலையாவது காட்டும் என்றார். காட்டியதும் ஏட்டின் முகம் மாறிவிட்டது.

“ஒரு கிளாஸ் குடிச்சதா நீரே எழுதியிருக்கீரு. இது நெறஞ்சு நிக்குதே! தண்ணி ஊத்தினீரா?”

“கோலி போட்டிருக்கேன்.”

“என்னது?”

விளக்கிச் சொல்ல அரை மணி நேரம் ஆயிற்று. ஏட்டு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கறுப்பாக இருந்தது, ஒன்றும் தெரியவில்லை. லேசாக ஆட்டினார், கடகடவென்றது. “ஆட்டாதீய!” என்று கிதிர் போட்ட சத்தத்தில் அடுக்களையிலிருந்து ஹைருன் பீவி ஓடிவந்தாள்.

“சரி, உள்ள இருக்கது ஒயின்தான்னு நான் எழுதணும்லா? ஒரு வாய் குடிச்சுச் சொல்லும்” என்றார் ஏட்டு.

“நான் தொட மாட்டேன். நீங்க குடிச்சுப் பாருங்க.”

“நான் திருச்செந்தூருக்கு மாலை போட்டிருக்கேன்வே!”

கடைசியில் ஏட்டு எழுதினார்: ‘காலஞ்சென்ற துரையவர்கள் குடித்ததாகச் சொல்லப்படும் கருஞ்சிவப்புத் திரவம் ஒரு பாட்டில். அதனுள் சோடாக் கோலி நாற்பத்தாறு.’ வாரிசு வரும்வரை இருபத்தைந்து நாள் கிதிர் முகம்மது பொறுப்பில் இருக்கலாம். வராவிட்டால் சாட்சிகள் முன்னிலையில் கொட்டப்படும். கார்க்கின் மேல் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்தினார். அரக்கு கழுத்தைச் சுற்றிக் கெட்டியாக இறுகியதைப் பார்த்துக் கிதிருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. காற்றுக்கு இருந்த கடைசி இடுக்கையும் சர்க்காரே அடைத்துக் கொடுத்துவிட்டது.

அன்றே மெட்ராஸ் கப்பல் கம்பெனி விலாசத்துக்கு இரண்டாவது தந்தி போயிற்று: ‘மெட்ராஸில் இறங்கியதும் குடி பெர்மிட் எடுத்து வரவும்.’ அப்பா செத்த வீட்டிலிருந்து இப்படி ஒரு தந்தி போனால் பிள்ளைக்கு என்ன தோன்றும் என்று கிதிர் யோசிக்கவில்லை. அவருக்கு வேலை நடக்க வேண்டும். கப்பலில் வந்துகொண்டிருந்த எலனுக்கு அது கைக்குக் கிடைத்தது மெட்ராஸில். அவள் கொதித்துப்போனதும், கொதித்துக்கொண்டே போய்ப் பெர்மிட் எடுத்ததும் பின்னால் தெரிந்த விஷயம்.

அதன் பிறகு காத்திருப்பு. கிதிர் ஒரு மண்பானையில் ஆற்று மணலை நிரப்பி, அதற்குள் பாட்டிலைக் கழுத்துவரை புதைத்து, பானையைச் சுற்றி ஈரச் சாக்கைக் கட்டி, வடக்குப் பார்த்த இருட்டறையில் வைத்தார். தொழுகைக்கு எழும் நேரமெல்லாம் மணலுக்கும் சாக்குக்கும் தண்ணீர் தெளித்தார். ஐந்து வேளைத் தொழுகை, ஐந்து வேளைத் தண்ணீர். சாரல் காற்று வீசும்போது ஜன்னலைத் திறப்பார், வெயில் எட்டிப் பார்த்தால் அடைப்பார். இடி இடித்தால் மண்டி கலங்கிவிடுமோ என்று பானையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

“ஒரு மாசம் நீங்க என்னை இப்படிப் பாத்திருந்தா எனக்கு மூட்டுவலி வந்திருக்காது” என்றாள் ஹைருன் பீவி.

ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லையே! முத்திரை வைத்தபிறகு மூக்குக்கும் வேலையில்லை. ஒருவேளை ஞாயிறு மதியத்துக்கும் திங்கள் காலைக்கும் நடுவில் போன காற்றே போதுமானதாக இருந்துவிட்டால்? கோலியில் சோடா உப்பு ஒட்டியிருந்தால்? துரை எலனுக்கு வைத்துவிட்டுப் போனது நிலபுலன் இல்லை, பணமும் இல்லை. ஒரு வாய் நல்ல ஒயினும் ஒரு பெயரும்தான். ஒயின் புளித்தால் பெயரையும் அவள் நம்பமாட்டாள். பயந்தார், அதை மறைக்க வேண்டியதில்லை. பயந்துகொண்டே தண்ணீர் தெளித்தார்.

இருபத்துமூன்றாம் நாள் எலனும் டாக்டரும் தென்காசியில் ரயில் இறங்கி, வாடகைக் காரில் வந்தார்கள். முன்கூட்டியே தந்தி வந்திருந்ததால் ஏட்டு ஆவுடையப்பனும் முத்திரையை உடைக்க, அன்றைக்கு எழுதிய காகிதத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார். எலன் இளைத்திருந்தாள். கண்ணில் ஈரம் இல்லை. வரும் வழியிலேயே கல்லறையைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அங்கும் அழவில்லையாம். டாக்டர் படியில் ஏறாமல், மழைத் தூறலில் கீழேயே நின்றார்.

“டாக்டரையா, உள்ள வாங்க. நனையாதீய” என்று கிதிர் இறங்கிப் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்.

எலனிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஞாயிறு மதியம், கிளாஸ், இரண்டு பெயர்.

“அவர் பேரை அப்பா சொன்னாரா?” எலன் நம்பாமல் தலையை ஆட்டினாள். அவளுக்குத் தமிழ் தாய்மொழி மாதிரிதான். “நீ நல்லவன், கிதிர். செத்தவங்களைப் பத்தி நல்லதாத்தான் சொல்லுவ. அந்த பாட்டிலை என் கல்யாணத்தன்னைக்கு அவர் திறக்கல. இப்ப சாகப்போற நேரத்துல குடிக்க ஆசை வந்து திறந்திருக்கார். மீதி எனக்கு. அவ்வளவுதானே?”

கிதிருக்குக் கோபம் வந்தது. ஏட்டைப் பார்த்து, “உடைங்க” என்றார்.

அரக்கு உடைந்தது. கார்க் வெளியே வந்தது. தனிச் சட்டை போட்டிருந்த கிதிர் வடிகட்டியில் மெல்லிய துணி விரித்து, மெழுகுவத்தி ஏற்றி, இம்மி இம்மியாகச் சாய்த்தார். கடகடவென்று உருண்டு இரண்டு கோலி வடிகட்டியில் வந்து விழுந்தது. டாக்டர் திடுக்கிட்டார்.

“நாப்பத்தாறு இருக்கு. எழுத்துல இருக்கு” என்றார் ஏட்டு.

எலன் கிளாஸை வாங்கினாள். மருந்து குடிப்பதுபோல ஒரு வாய் குடித்தாள். கிதிர் அவள் முகத்தையே பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. மூன்று வாரம் பொறுத்தவருக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

“கெட்டுப்போச்சாம்மா?”

“இல்ல.” இன்னொரு வாய் குடித்தாள். “இல்ல, கிதிர். இனிக்குது. எப்படி இன்னும் இனிக்குது?”

“புளிச்சுப்போனா, அப்பன் புளிச்ச தண்ணிதான் வச்சிட்டுப் போனான்னு நீங்க நெனப்பீயன்னு ஐயா சொன்னாவ. அதான் விடல.” கிதிர் வடிகட்டியைக் கீழே வைத்தார். “நான் ருசி அறியேன். காதால கேட்டதைத்தான் சொல்லுதேன். ஜேசுதாசன்னுதான் சொன்னாவ. கம்பவுண்டர்னு சொல்லல.”

ஆறுதலுக்காகக் கட்டிச் சொல்கிற ஆள் ‘கம்பவுண்டர்’ என்ற வார்த்தையை எடுத்திருக்கமாட்டார். அது எலனுக்குப் புரிந்தது. கிளாஸை அப்படியே கணவரிடம் நீட்டினாள்.

டாக்டர் ஜேசுதாசன் அதுநாள்வரை ஒரு சொட்டு குடித்தறியாதவர். சபையில், அம்மா முன்னால், சத்தியம் செய்து கொடுத்தவர். பெர்மிட்டும் எலன் பெயருக்குத்தான் இருந்தது. ஏட்டு ஆவுடையப்பன் மெல்ல எழுந்து ஜன்னல் பக்கம் போய், வெளியே மரத்தில் இருந்த குரங்குகளை எண்ண ஆரம்பித்தார்.

டாக்டர் கிளாஸை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். “கல்யாணமான மாப்பிள்ளையை எல்லா வீட்டுலயும் மறுவீட்டு விருந்துக்குக் கூப்பிடுவாவ, அண்ணாச்சி” என்றார் கிதிரிடம். “என்னை மட்டும் யாரும் கூப்பிடல. ஏழு வருஷம் கழிச்சு இப்ப மாமா கூப்பிட்டிருக்காரு. வேண்டாம்னு எப்படிச் சொல்ல?”

ஒரே மூச்சில் குடித்தார். இருமினார். முகம் சுளித்தது, சமாளித்துக்கொண்டார். துரை படுத்திருந்த அறையின் பக்கம் திரும்பி, “வந்துட்டோம், மாமா” என்றார்.

அப்பாவுக்காக எலன் அழுதது அப்போதுதான்.